மெலிந்த காந்தமும் மருத்துவப் படமும்



உடலை அறுக்காமலே உள்ளுறுப்புகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். நம் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள் போன்றவை. காந்தப் புலத்தில் உடலை வைத்து, வானொலி அலையால் அவற்றைத் தூண்டினால், மெல்லிய மறுமொழி தருகின்றன. அதனைப் படமாக்கும் வழியை 1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார்.

பெரிய மருத்துவமனைகளின் கருவி பெரும்பாலும் 1.5 டெஸ்லா வலிமையது. அதன் சுருளைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும்; வானொலி அலை புகாத தனியறை வேண்டும்; விலையோ கோடிக்கணக்கில்! இவையெல்லாம் எட்டாத ஊரில் பிறந்த குழந்தை என் செய்யும்?

உகாண்டாவில் இவ்வினா உயிர் வினாவாயிற்று. அங்கே தொற்றுநோயின் பின்விளைவாகக் குழந்தைகள் பலருக்கு மூளையில் நீர் தேங்கித் தலை பெருக்கிறது. அறுவை செய்து நீருக்கு வழி அமைத்தால் காக்கலாம். அதற்குமுன் நீர் எங்கே தேங்கியுள்ளது என அறிதல் வேண்டும். சி.டி. படம் உதவும், எனினும் பச்சிளங் குழந்தைமேல் எக்ஸ் கதிரை மீண்டும் மீண்டும் செலுத்துதல் நன்றன்று.

நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், ஆண்ட்ரூ வெப் முதலானோர், 50 மில்லிடெஸ்லாவே போதும் எனத் துணிந்தனர். அஃதாவது முப்பதில் ஒரு பங்கு! சிறு காந்தக் கட்டிகளை வளையங்களில் திசையறிந்து பதித்து, 23 வளையங்களை அடுக்கினால் புலம் உள்ளே திரளும். வெளியே மிகக் குறைவாகவே கசியும். ஹீலியம் வேண்டா.

படம் மங்கலாகத்தான் வரும். புலம் மெலிந்தால் மறுமொழியும் மெலியுமன்றோ? சிறு கட்டிகளைத் தேட இக்கருவி போதாது. அதனை மறைத்தல் தகாது. ஆயினும் தேங்கிய நீரைக் காண மயிரிழை நுட்பம் வேண்டுவதில்லை.

ஏழைக்கு இரண்டாந்தரம் போதும் என்னும் பழைய பேச்சுத்தானே இது எனச் சிலர் ஐயுறலாம். நியாயமான ஐயமே. உயர்ந்த கருவி தேவைப்படும் நோயாளிக்கு அதனை மறுக்க இது சாக்காகுமானால் நாமும் எதிர்ப்போம். ஆனால் உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. உறுப்புகளும் கைக்கருவிகளும் மட்டுமே விமானத்தில் வந்தன. பயிற்றுநர் நால்வர், இத்தொழிலில் முன்பயிற்சி இல்லாதோர் அறுவர். காந்தங்களைத் தரம் பிரித்ததும், வளையங்களை நிரப்பியதும், சுருள் அமைத்ததும் அவர்களே. ஏறத்தாழப் 11 நாளில் முதற்படம் கிடைத்தது என 2023-இல் வெளியான அவர்தம் கட்டுரை கூறுகின்றது. பழுதுற்றால் எங்கே கைவைப்பது என்பது, கட்டிய கைகளுக்குத் தெரியும். அயல்நாட்டுப் பொறியாளர் வரும்வரை கருவியைத் துணியால் மூடி வைக்க வேண்டுவதில்லை.