கால்வாய்க்கரையில் 14 சைக்கிள்கள்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'வகுப்பறைக்கு வெளியே கற்றல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நான் பேசப்போவது சைக்கிளைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் பள்ளி தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இருக்கிறது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வருகிறது. கொடுக்கும் நாளில் பள்ளி வளாகம் திருவிழாபோல் இருக்கும். மூன்று மாதம் கழித்துச் சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் போய்ப் பாருங்கள், பாதிகூட இருக்காது. அப்பா வயலுக்கு எடுத்துப் போகிறார், அண்ணன் வேலைக்கு எடுத்துப் போகிறான். ஒன்றிரண்டு விலைக்கும் போயிருக்கும். பெண்பிள்ளைகளில் சிலர் வாங்கியதோடு சரி. வீட்டுத் திண்ணையில் பூட்டிக் கிடக்கும். "ரோட்டுல பஸ்ஸும் லாரியுமா வருது டீச்சர், விடமாட்டாவ" என்பார்கள். இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சாலையில் என் பிள்ளையைத் தனியே அனுப்ப எனக்கும் பயம்தான்.

ஆனால் எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். என் அம்மா அப்போதுதான் கற்றார்கள், அப்பாவின் பார் வைத்த சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான். அப்போது எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். அம்மா விழுந்தார்கள், எழுந்தார்கள், பிறகு குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள். அதைப் பார்த்தவளுக்குத் திண்ணையில் பூட்டிக் கிடக்கும் சைக்கிளைப் பார்க்கப் பொறுக்காது.

பஸ்ஸும் லாரியும் வராத சாலை எது என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை, எங்கள் ஊரைச் சுற்றி அதுதான் நிறைய. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, கால்வாய்க்குக் கரை இருக்கிறது, கரையில் பல இடங்களில் வண்டித்தடம் இருக்கிறது. கன்னடியன் கால்வாய்க் கரையில் காலை ஆறு மணிக்குப் போனால் எதிரே வருவது மண்வெட்டியோடு ஒருவர், இரண்டு எருமைகள், அவ்வளவுதான். வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூருக்கு வயல் நடுவே போகும் சாலையும் அப்படித்தான்.

முதல் பயணம் ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை. பிசானப் பயிர் நிற்கும் காலம். 14 பிள்ளைகள், அதில் 6 பெண்கள். நானும் உடற்கல்வி ஆசிரியரும். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் முறைப்படி வாங்கினேன். போக வர 22 கிலோமீட்டர்.

முந்தின நாள் வகுப்பில் பல்சக்கரத்தை எண்ணினோம். முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு முறை பெடல் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 முறை சுற்றும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்தோம், ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 7 சென்டிமீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. 22 கிலோமீட்டருக்கு 4,300 மிதிக்கு மேல் வரும் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், "இறக்கத்துல மிதிக்கமாட்டோமே டீச்சர், அதைக் கழிக்கலையே?" என்றான். வருடம் முழுவதும் வாய் திறக்காதவன். அன்று அவன் கேட்டதை விடையாக எழுதி, என் விடையை அடித்துவிட்டேன்.

திருப்புடைமருதூரில் கடனா நதி தாமிரபரணியோடு சேர்கிறது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்மாடங்களில் பழைய ஓவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. கோயிலையும் ஊரையும் சுற்றி நிற்கும் பெரிய மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைகின்றன. ஊர்க்காரர்கள் தாங்களாகவே காத்துவந்த இடம் அது. 2005-இல் அதைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அரசு அறிவித்தது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்து எழுதியதில் என் பேச்சு எங்குமே இல்லை. 'மடையில் தண்ணீர் விழும் சத்தம் தூரத்திலேயே கேட்டது' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'யார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது' என்று ஒருவன். பேருந்தில் சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் சத்தத்தைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. என்ன சாப்பிட்டோம் என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டாவது பயணம் ஜூலையில், மணிமுத்தாறு அணைக்கு. அதே பிள்ளைகள், இப்போது 12-ஆம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடத்தில் இது தேவையா என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு சனிக்கிழமை காலை மட்டும் என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

ஜூலை என்றால் எங்கள் பக்கம் மேல்காற்று. மலையிலிருந்து இறங்கி முகத்தில் அறையும். களைப்பு இல்லாதபோதே காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும், திரும்பும்போது அது முதுகில் தள்ளும். இப்படித்தான் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். மேற்கே போகப் போக மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. 1958-இல் முடிந்த அணை, 118 அடி. நீளமான கரை. பிள்ளைகள் அதற்கு மேலேயும் போக வேண்டும் என்றார்கள். மாஞ்சோலைக்குப் போகும் வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்கப்பால் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-இல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து அமைத்தது. அங்கே சைக்கிள் பயணத்துக்கு இடமில்லை. ஏன் என்று கேட்டார்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவில் திரும்பும்வரை நாம் வருவது யானைக்குத் தெரியாது, யானை நிற்பது நமக்கும் தெரியாது. வயல் சாலையில் எது சுகமோ அதுவே காட்டில் ஆபத்து. இந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்தது. கொண்டுவந்த புளியோதரையை அணைப்பக்கமே சாப்பிட்டுத் திரும்பினோம்.

இனி சொல்லப்போவது சொல்லக் கஷ்டமானது. திரும்பும் வழியில் ஒரு சிறிய இறக்கம். முதுகில் காற்று. எல்லாரும் சந்தோஷமாக விட்டார்கள். அந்தக் கடைசிப் பெஞ்சுப் பையன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், பிடிக்கவில்லை. ஓரத்துக் கல்லில் ஏறி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு ஆறு வாரம்.

சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. இரும்பு ரிம்மில் உரசியிருக்கிறது. கிளம்பும்முன் 14 சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்தவள் நான். செயினுக்கு எண்ணெய் விட்டவள் நான். பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்க்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று வருடந்தோறும் பாடம் நடத்துகிறேன், உராய்வுக்கு இரண்டு வாரம் செலவழிக்கிறேன். விபத்து என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் பரிசோதிக்கத் தவறினேன் என்றே எழுதிக் கொடுத்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பையனின் அம்மா ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். அன்று எழுந்து நின்றவர், முதல் பயணத்துக்கே கையெழுத்துப் போட யோசித்த ஒரு பெண்ணின் அப்பா. "பொம்பளப்பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு வீட்டுல எப்படி இருக்கதுன்னு டீச்சர்ட்ட நானே சண்டை போட்டேன். இப்போ அவ டியூசனுக்கு அவளே போயிட்டு வாரா. நிறுத்தாண்டாம். பிரேக்க நான் பாக்கேன்" என்றார். அவர் ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அதுவரை எனக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் பள்ளிக்கு வருகிறார். பிள்ளைகளையே ஸ்பேனர் பிடிக்க வைக்கிறார். பழைய நோட்டு ஒன்றில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பக்கம்: பிரேக் கட்டை, பிரேக் கம்பி, டயர், செயின், சீட்டின் உயரம். சரிபார்த்தவர் கையெழுத்து. பிரேக் பகுதியில் கையெழுத்துப் போடும் பொறுப்பை அந்தப் பையன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். மற்றவர்களைப் படாதபாடு படுத்துகிறான். ஒரு கட்டை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் நிறுத்திவிடுகிறான். சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் முன்பைவிட வண்டிகள் கூடியிருக்கின்றன. சரிபார்ப்புக்காகக் கொண்டுவருவதாலா, ஓட்டுவதாலா என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த பயணம் பிசான அறுவடைக்கு முன், மறுபடியும் திருப்புடைமருதூருக்கு. படிவம் கொடுத்தாகிவிட்டது. பதின்மூன்று வீட்டிலிருந்து கையெழுத்து வந்துவிட்டது. அந்தப் பையனின் அம்மா இன்னும் போடவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.