அறிமுகம் என்னும் கைம்முதல்



மாத்தளைக்கு வடக்கே பல்லேபொல என்றோர் ஊர் உண்டு. இலங்கையின் மற்ற ஊர்களைப் போலவே அவ்வூரிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து வேலைக்குச் செல்கிறார்கள். அப்படிச் சென்ற ஓர் இளைஞனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கத்தார் நாட்டில் ஒரு கம்பனியில் அவன் மின்பணியாளன். சில மாதங்களாகச் சம்பளம் பிந்தி வருகிறது. கையிலுள்ள வேலையும் குறைந்துகொண்டே போகிறது. வேறிடம் பார்க்க வேண்டும் என்று அவன் உள்ளம் சொல்கிறது. ஆனால் அந்நாட்டில் தங்கியிருக்கும் உரிமையே இந்த வேலையோடு பிணைந்து கிடக்கிறது. வெளிப்படையாகத் தேடினால் முதலாளியின் செவிக்கு எட்டும். தேடாதிருந்தால் ஒருநாள் வேலையும் விசாவும் ஒருங்கே போய்விடும். பயணச் செலவுக்காக அடகு வைத்த தாயின் நகையோ இன்னும் மீளவில்லை. அவன் செய்யத்தக்கது யாது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தச் சங்கடம் நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே சென்றார்கள். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்தவரும் அவரே. தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்தவரும் அவரே. பிற்காலத்தில் ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டம் மாற வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' ஒன்று பெற வேண்டியிருந்தது. இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அத்துண்டின் சாரம். ஆள் மாறும்போது கடனும் கூடவே மாறியது. 1921ஆம் ஆண்டில் சட்டம் இம்முறையை ஒழித்தது.

கங்காணியும் ஓர் அறிமுகந்தான். வெளியுலகை அறிவதற்குத் தொழிலாளிக்கு அவரைத் தவிர வேறு வாயில் இல்லை. அதனாலேயே அந்த அறிமுகம் கடனாகவும் கட்டாகவும் முடிந்தது. இன்று கடல் கடந்து செல்பவனும் ஒரே முகவரையோ ஒரே உறவினரையோ நம்பியிருந்தால், அவன் நிலையும் அதைப் போன்றதே.

இன்று துண்டு இல்லை, காலக்கெடு இருக்கிறது. கத்தார் நாட்டில் ஒருவர் வேலை மாறுவதற்கு முன்னர் முதலாளியின் இசைவுச் சீட்டு வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் சட்டம் அந்நிபந்தனையை நீக்கிற்று. இரண்டு ஆண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாதமும், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாதமும் முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம் என்று அச்சட்டம் வகுத்தது. சவூதி அரேபியா 2021ஆம் ஆண்டில் செய்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியின்படி, அதிகபட்சம் 60 நாள் தங்கலாம். பிரித்தானியாவிலும் தொழில் விசாவில் உள்ளவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாளே. அறுபது நாளில் புதியவர்களை அறிந்து, அவர்கள் நம்மை நம்பி, ஒரு நிறுவனம் விசாவுக்கு விண்ணப்பிப்பது எளிதன்று. ஆகவே அறிமுகங்களை வேலை இருக்கும்போதே தேடிக்கொள்ள வேண்டும்.

யாரைத் தேடுவது? மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனுக்கு அருகேயுள்ள நியூட்டன் நகரில் இதனை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள், அடிக்கடி சந்திக்கும் ஒருவர் வழியாகப் பெற்றவர் 100க்கு 17 பேர் அளவினரே. எஞ்சியோர் எப்போதாவது, அல்லது அரிதாகச் சந்திப்பவர் வழியாகவே பெற்றனர். காரணம் தெளிவு. நம்மோடு ஒரே அறையில் தங்கும் நண்பருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். முன்பு கூட வேலை செய்து இப்போது வேறு கம்பனியில் இருப்பவர், தொழிற்பயிற்சியில் உடன் படித்தவர், பொருள் கொண்டுவந்து இறக்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஆகியோருக்கே நாம் அறியாத செய்தி தெரியும்.

அவர்களிடம் பேசுவது எப்படி? எடுத்த எடுப்பில் "எனக்கொரு வேலை வாங்கித் தாருங்கள் அண்ணே" என்றால், நல்லவரும் ஒதுங்குவார். "உங்கள் இடத்தில் என் தொழிலுக்கு என்ன சான்றிதழ் கேட்கிறார்கள்? விசா மாற்றத்தைக் கம்பனியே செய்துகொடுக்கிறதா?" என்று கேட்கலாம். இத்தகைய கேள்விக்கு விடை சொல்வதில் எவருக்கும் சங்கடமில்லை. நாளை ஓர் இடம் காலியானால் அவர் நினைவில் நம் முகமே முதலில் வரும்.

அடக்கம் மிக அவசியம். ஊரார் கூடிய வாட்ஸ்அப் குழுவில் "வேறு வேலை தேடுகிறேன்" என்று எழுதுவது சந்தையில் கூவுவதற்கு ஒப்பாகும். கம்பனி கொடுத்த தொலைபேசியும் மின்னஞ்சலும் இதற்கு ஆகா. லிங்க்ட்இன் தளத்தில், வேலை தேடுவதை ஆட்சேர்ப்பாளருக்கு மட்டும் காட்டும் ஏற்பாடு உண்டு. எனினும் அது முழு மறைவுக்கு உறுதி தருவதில்லை என்பதை அத்தளமே சொல்கிறது. ஒருவரிடம் பேசும்போது, "இது நம்மிடையே இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

அடக்கம் வேறு, வஞ்சகம் வேறு. இன்றைய முதலாளியின் கணக்கையோ இரகசியத்தையோ கொண்டுபோய்க் காட்டி அடுத்த வேலையைப் பெறுதல் தகாது. அனுமதியின்றி வேறிடத்தில் பகுதிநேரம் வேலை செய்தால் விசாவுக்கே கேடு வரும். புதிய இடத்தார் கேட்டால் விசாவின் நிலையை உள்ளபடியே சொல்ல வேண்டும். எழுத்தில் நியமனம் கைக்கு வருமுன் இருக்கும் வேலையை விடலாகாது. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை எப்போதும் தம் வசம் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அறிமுகம் செய்து வைப்பதற்குக் காசு கேட்பவர் நண்பர் அல்லர்; அவர் பழைய கங்காணியின் புதிய வடிவம். வேலைக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறும் பொது நெறியாகும். முகவர் எவரேனும் குறுக்கிட்டால், 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு உரிமம் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நேயர்களே, இவற்றையெல்லாம் ஒருவன் தன்னந்தனியே செய்துவிட இயலாது. நல்ல நிலையில் இருப்பவர் வாய் திறந்து விடை சொன்னால்தான் கேட்பவனுக்குப் பயன். வெளிநாட்டிலிருந்து இந்த விடுமுறைக்கு வரும் உங்கள் மகனிடமோ மருமகனிடமோ ஒன்று கேளுங்கள்: "தம்பி, உன் தொழிலிலே உன்னிடம் வந்து ஒரு விவரம் கேட்ட பிள்ளைக்கு நீ என்ன சொன்னாய்?" அவர் காசு வாங்காமல், உண்மை குறையாமல், இரகசியம் கசியாமல் விடை சொன்னவராக இருந்தால், அந்தப் பல்லேபொல வீட்டிலே ஒரு தாயின் நகை விரைவில் மீளும்.