பிரதேச சபையின் ஒரு வருடம்: எந்த மாதத்தில் எதைக் கேட்பது?

(கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்காக செப்ரெம்பர் மாதத்தில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பிரதேச சபைச் செயலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

வெயிலுக்குள் சைக்கிளிலும் நடந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டம் தொடங்க முன்னர் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “ஐயா, வீட்டுத்திட்டத்தின்ரை இரண்டாவது கட்டக் காசு இன்னும் வரேல்லை. சபை எப்ப தரும்?” நான் சொன்னேன்: “அம்மா, அது சபையின்ரை வேலை இல்லை. பிரதேச செயலகத்திலையும் வீடு கட்ட உதவுற நிறுவனத்திட்டையும் கேளுங்கோ.” அவர் ஏற்கனவே இரண்டு தரம் சபைக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறார். இரண்டு நாள் கூலி வேலையும் போய்விட்டது.

எனவே முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் மாறிப் போகிறோம். குடும்பப் பதிவு, நிவாரணம், வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியல், காணி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்குக் கிராம அலுவலரிடமும் அவரூடாகப் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். அது அரசாங்கத்தின் நிர்வாகம். பிரதேச சபை என்பது நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. உள்ளூர் வீதிகள், ஒழுங்கைகள், மதகுகள், வீதி விளக்குகள், சந்தை, பொதுக் கிணறு, குப்பை அகற்றல், மயானம், நூலகம், கட்டட அனுமதி ஆகியவை சபையின் பொறுப்பு.

எங்கள் மாவட்டத்தில் நெடுங்காலம் தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. 2011 ஜூலை 23ஆம் திகதி கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி ஆகிய மூன்று சபைகளுக்கும் தேர்தல் நடந்தது. இப்போது தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் சபையிடம் எப்போது போவது, என்ன கேட்பது என்ற பழக்கம் எங்களுக்கு விட்டுப் போய்விட்டது. விவசாயத்துக்குக் காலம் இருப்பதுபோலச் சபைக்கும் காலம் இருக்கிறது. விதைக்கும் மாதத்தை விட்டுவிட்டு அறுவடையில் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் காலக் கணக்கைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை: வரியும் உரிமமும்

சபையின் வருடம் ஜனவரி 1ஆம் திகதி தொடங்குகிறது. முதல் மூன்று மாதமும் பணம் சேரும் காலம். கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் ஆதன வரி அறவிடப்படும். எங்கள் பெரியவர்கள் சோலை வரி என்று சொன்னது இதைத்தான். வீட்டின் அல்லது கடையின் ஆண்டுப் பெறுமதியை மதிப்பிட்டு, அதில் ஒரு வீதத்தை வரியாகக் கேட்பார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆண்டுப் பெறுமதி 6,000 ரூபா, வரி வீதம் 6 என்று வைத்துக்கொள்வோம். வருட வரி 360 ரூபா. முழுவதையும் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் கட்டினால் நூற்றுக்கு 10 கழிவு உண்டு. அப்போது 324 ரூபா போதும். காலாண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு 5 கழிவு உண்டு.

சிலர் துண்டைக் கண்டதும் பயந்து ஒளிக்கிறார்கள். “வீடே இடிஞ்சு கிடக்கு, இதுக்கு வரியோ?” என்று கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம். ஆனால் அதை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். மதிப்பீட்டு அறிவித்தலில் குறிப்பிட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். வீடு எந்த நிலையில் இருக்கிறது, எப்போது திரும்பி வந்தீர்கள் என்பதை எழுதுங்கள். காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதி ஆகாது. ஆனாலும் உறுதி தொலைந்தவர்களுக்கு அது ஒரு துணைச் சான்றாக உதவலாம். பத்திரமாக வைத்திருங்கள்.

தேநீர்க்கடை, பலசரக்குக் கடை, அரிசி ஆலை போன்ற தொழில் செய்பவர்கள் வியாபார உரிமத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். டிசெம்பர் 31ஆம் திகதியோடு பழைய உரிமம் முடிந்துவிடும்.

“இந்தச் சில்லறை வரியிலையோ சபை ஓடுது?” என்று கேட்பீர்கள். வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவைதான் சபையின் சொந்த வருமானம். ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து வருகிறது. பெரிய வேலைகளுக்கு நெல்சிப் போன்ற திட்டங்களின் பணம் வந்தது. திட்டம் வரும், போகும். தெருவிளக்கின் குமிழ் எரிந்து போனால் மாற்றுவதற்குச் சொந்த வருமானம்தான் வேண்டும்.

ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை: வேலை நடக்கும் காலம்

மழை விட்டு நிலம் காய்ந்த பிறகுதான் கிறவல் போடலாம், மதகு கட்டலாம். இந்த மாதங்களில் நீங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை மீற்றர் ஒதுக்கப்பட்டது, எத்தனை மீற்றர் போடப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீதி பற்றி முறையிடும்போது அது யாருடைய வீதி என்று முதலில் கேட்டறியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ-9 அப்படியான வீதி. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. குளக்கட்டு வீதி நீர்ப்பாசனத்தோடோ கமநல சேவையோடோ சேரும். மிச்சமுள்ள உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபையுடையவை.

வரட்சி கடுமையானால் பவுசரில் குடிநீர் கொடுப்பதும் இந்தக் காலத்தில்தான். எத்தனை குடும்பம், எந்தக் கிணறு உவரானது என்ற விபரத்தோடு வாருங்கள்.

வீடு கட்டுபவர்களுக்கு ஒரு சொல். அத்திவாரம் வெட்ட முன்னர் கட்டட அனுமதி பற்றிச் சபையில் விசாரியுங்கள். உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம், கட்டட வரைபடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். வேலிகள் எல்லாம் அழிந்து போன இடத்துக்குத்தான் நாங்கள் திரும்பி வந்தோம். பழைய எல்லை தெரியாமல் பலர் ஒழுங்கைக்குள் இரண்டடி தள்ளி வேலி போட்டுவிட்டார்கள். வேலியைப் பிடுங்கலாம். சுவரைப் பிடுங்க முடியாது.

ஒழுங்கை துப்புரவாக்கச் சிரமதானம் செய்பவர்கள், அந்த இடம் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டே மண்வெட்டியைத் தொடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வாக்காளர் இடாப்பு மீளாய்வு. எங்கே வசிக்கிறீர்கள் என்பதைக் கொண்டு பதிவு நடக்கும். இது கிராம அலுவலரூடாக நடப்பது. சபைத் தேர்தலில் உங்கள் குரல் எண்ணப்பட வேண்டுமானால் அந்தப் படிவத்தைத் தவற விடாதீர்கள்.

செப்ரெம்பர் முதல் டிசெம்பர் வரை: பாதீடும் மழையும்

இப்போது நாங்கள் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். அடுத்த வருடப் பாதீடு தயாராவது இந்த மாதங்களில்தான். எந்த ஒழுங்கைக்குப் பணம், எந்தக் கிணற்றுக்குப் பணம் என்று இப்போதுதான் எழுதுகிறார்கள். டிசெம்பர் முடிவதற்குள் சபை அதை நிறைவேற்ற வேண்டும். அதில் இல்லாத வேலைக்கு ஜனவரியில் போய்க் கேட்டால், “நிதி ஒதுக்கீடு இல்லை” என்ற பதில்தான் வரும்.

இதை நான் ஒரு பிழையிலிருந்துதான் படித்தேன். அந்தப் பிழை என்னுடையது.

நான் வேலை செய்த ஒரு சபையில் பழைய பதிவேடுகள் எல்லாம் யுத்தத்தில் அழிந்து போயின. வீதிப் பதிவேட்டைப் புதிதாகத் தயாரித்தோம். அப்போது யார் யார் திரும்பி வந்திருந்தார்களோ அவர்களிடம் கேட்டு எழுதினோம். கண்ணிவெடி அகற்றத் தாமதமானதால் பிந்தி வந்த ஒரு பகுதியின் ஒழுங்கை அதில் விடுபட்டுவிட்டது. ஏறக்குறைய முப்பது குடும்பங்கள்.

ஒரு ஒக்டோபர் மாதம் அங்கிருந்து ஒரு தங்கச்சி கடிதத்தோடு வந்தார். மதகு உடைந்திருக்கிறது, மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர், பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். “உங்கடை ஒழுங்கை எங்கடை பதிவிலை இல்லை பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னது பொய் இல்லை. பதிவில் இல்லாத வீதிக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாது. ஆனால் பதிவில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து அறையில் அந்த வாரமே பாதீடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

டிசெம்பரில் அந்த ஒழுங்கையில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இரவில் வலி வந்தது. அம்புலன்ஸ் பெரிய வீதியில் நின்றது, உள்ளே வர வழியில்லை. கதிரையில் இருத்தி நான்கு பேர் தண்ணீருக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

அடுத்த வருடம் அந்தத் தங்கச்சி மறுபடி வந்தார். இந்த முறை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு வந்தார். ஒழுங்கையின் நீளத்தைக் கயிறு பிடித்து அளந்திருந்தார்கள். கையால் வரைந்த படம் இருந்தது. குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. இரண்டு பக்கக் காணிக்காரரும் வேலியைப் பின்னுக்கு எடுக்கச் சம்மதித்து ஒப்பம் வைத்திருந்தார்கள். வட்டார உறுப்பினர் யாரும் தேடி வரவில்லை. அவர்களே ஒரு உறுப்பினரைத் தேடிப் பிடித்துச் சபையில் பிரேரணை கொண்டுவரச் செய்தார்கள். ஒழுங்கை பதிவேட்டில் ஏறியது. அந்தப் பாதீட்டில் மதகுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. மதகு கட்டி முடிந்தபோது முதல் கடிதம் வந்து இரண்டு மாரி கடந்திருந்தது. நான் ஒரு வசனம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் ஒரு மாரி மிச்சமாகியிருக்கும்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கந்தோரில் “இல்லை” என்று யாராவது சொன்னால் அதோடு எழும்பி வராதீர்கள். “ஏன் இல்லை? இருக்கச் செய்ய நாங்கள் என்ன கொண்டுவர வேணும்? எந்தத் திகதிக்குள்ளை?” இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

சபைக்குக் கதவுகள் பல இருக்கின்றன. மாதம் ஒருமுறையாவது பொதுக் கூட்டம் நடக்கும். நீங்கள் போய் இருந்து பார்க்கலாம். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. பாதீட்டு வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் படியுங்கள். உங்கள் கிராமத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலே போதும், மிச்சக் கேள்வி தானாக வரும்.

இன்னும் சில வாரங்களில் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன்னர் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து உங்கள் ஒழுங்கையை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களைவிடத் தெரிந்த பொறியியலாளர் இல்லை. அதை எழுதுங்கள், கொண்டு போங்கள்.

சபைக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை

- கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை பெற்று வைத்திருங்கள்.
- உங்கள் வீதி, பொதுக் கிணறு, மயானம் ஆகியவை சபையின் பதிவேட்டில் உள்ளனவா என்று கேளுங்கள்.
- தனி ஆளாகப் போவதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் சங்கம் ஊடாகப் போவது நல்லது.
- நீளம், குடும்ப எண்ணிக்கை, கையால் வரைந்த படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.
- அடுத்த வருட வேலைகளை ஒக்டோபருக்குள் கேளுங்கள். ஆதன வரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டுங்கள்.
- எந்தக் கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.