சார்லட்: தேர்தல் ஆண்டுகளில் ஒரு வங்கி நகரம்



இந்தக் கருத்தரங்குக்கு ‘நிதி நகரங்களும் தேர்தல் அரசியலும்’ என்று தலைப்பு வைத்துவிட்டு என்னைத் தலைமையுரைக்கு அழைத்தபோது, நான் மும்பையைப் பற்றியோ லண்டனைப் பற்றியோ பேசுவேன் என்று அமைப்பாளர்கள் நினைத்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட். லண்டனும் நியூயார்க்கும் தலைமுறை தலைமுறையாகப் பணத்தைக் கையாண்டு பழகியவை. அங்கே எது அரசியலால் வந்தது, எது பழக்கத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம். சார்லட் நம் காலத்தில், நம் கண்ணெதிரே வளர்ந்தது. 2000-ல் அதன் மக்கள்தொகை 5,40,828. 2020 கணக்கெடுப்பில் 8,74,579. அந்த வளர்ச்சியில் அரசியலின் கைரேகை இன்னும் அழியாமல் இருக்கிறது.

அந்த ஊரின் நடுமையத்தில் டிரேட் வீதியும் டிரையன் வீதியும் சந்திக்கின்றன. நான்கு மூலைகளிலும் நான்கு வெண்கலச் சிலைகள், ரேமண்ட் காஸ்கி என்ற சிற்பி செய்து 1995-ல் நிறுவப்பட்டவை. அவற்றில் ஒன்றுக்கு ‘வணிகம்’ என்று பெயர். தங்கம் அரிக்கும் சுரங்கத் தொழிலாளி ஒருவன் தன் தட்டைக் கவிழ்க்கிறான். அதிலிருந்து கொட்டும் தங்கம் கீழே இருக்கும் ஒரு வங்கிக்காரரின் தலையில் விழுகிறது. அந்த வங்கிக்காரருக்கு அப்போது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பானின் முகம். தங்கம் உண்மையாகவே அங்கே கிடைத்தது. 1799-ல் பக்கத்து மாவட்டத்தில் கிடைத்த தங்கத்தால்தான் 1837-ல் சார்லட்டில் நாணயச்சாலை திறந்தார்கள். ஆனால் நகரத்தின் மையத்தில் நிற்கும் சிலைக்கு உள்ளூர்க்காரர் யாருடைய முகத்தையும் வைக்காமல், தலைநகர் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் முகத்தை வைத்த அந்தச் சிற்பிக்கு அரசியல் பொருளாதாரம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேசியத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு வங்கி நகரத்தின் போக்கைக் கணிக்க முடியாது. தேர்தலை ஒட்டி, பதவி கைமாறும் இடைவெளியில், மேடையில் யாரும் பேசாத அலுவலகங்களிலிருந்து வரும் உத்தரவுகளைத்தான் பார்க்க வேண்டும். நாம் பெரும்பாலும் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இவற்றைக் கோட்டை விட்டுவிடுகிறோம்.

சார்லட்டின் வங்கிகள் பிறந்த விதமே அனுமதியில்தான். ஒரு மாநிலத்து வங்கி இன்னொரு மாநிலத்தில் கிளை திறக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த சட்டம். வட கரோலினா தன் எல்லைக்குள் மட்டும் வங்கிகள் எங்கும் கிளை பரப்பலாம் என்று விட்டிருந்ததால், அங்குள்ள வங்கிகளுக்குப் பல ஊர்களில் கடை நடத்திய அனுபவம் இருந்தது. 1960-ல் இணைப்பில் உருவான என்சிஎன்பி என்ற சார்லட் வங்கி 1982-ல் ஃபுளோரிடாவில் ஒரு சிறிய வங்கியை வாங்கியது. பத்தாண்டுகளுக்கு முன் அது அங்கே வாங்கிப் போட்டிருந்த ஒரு சிறு டிரஸ்ட் கம்பெனி இருந்தது. தடைச்சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு என்பதைச் சட்டத்தரணிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஓட்டை சின்னது, அதன் வழியே ஒரு நகரமே நுழைந்துவிட்டது. அடுத்த ஆண்டு வங்கியின் தலைமைக்கு வந்த ஹியூ மெக்கோல், கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். ஊர் ஊராக வங்கி வாங்குவதைப் படையெடுப்பு போலவே நடத்தினார்.

1988 ஒரு தேர்தல் ஆண்டு. ரீகன் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தார். டெக்சஸில் எண்ணெய் விலைச் சரிவால் அந்த மாநிலத்தின் பெரிய வங்கி திவாலானது. அதைக் கூட்டரசின் வைப்புக் காப்பீட்டு நிறுவனம் தூக்கி என்சிஎன்பியின் கையில் கொடுத்தது. ஆனால் பேரத்தை இனிக்கச் செய்தது வருமான வரித்துறை தந்த ஒரு தீர்வு: திவாலான வங்கியின் நஷ்டத்தைக் காட்டி வாங்கியவர் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அதிபர் வேட்பாளர்களின் பேச்சில் இது வந்ததாகத் தெரியவில்லை. சார்லட்டின் உயர்ந்த கட்டடங்களுக்கு அஸ்திவாரம் போட்டதில் அந்தக் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1994-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் மாநில எல்லைத் தடையை நீக்கியது. 1998-ல், அப்போது நேஷன்ஸ்பேங்க் என்ற பெயரில் இருந்த அதே வங்கி, சான் பிரான்சிஸ்கோவின் பேங்க் ஆஃப் அமெரிக்காவை இணைத்துக்கொண்டு, அதன் பெயரைச் சூடி, தலைமையகத்தைச் சார்லட்டில் வைத்துக்கொண்டது.

இனி 2008-க்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சார்லட்டின் இன்னொரு பெரிய வங்கி வாக்கோவியா. 2006-ல் கலிஃபோர்னியாவின் வீட்டுக்கடன் நிறுவனமான கோல்டன் வெஸ்டை வாங்கி, வீட்டு விலை சரிந்ததும் கழுத்தளவு மூழ்கியது. 2008 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. காலையில், வாக்கோவியாவின் வங்கித் தொழிலைச் சிட்டிகுரூப் பங்குக்குச் சுமார் ஒரு டாலர் கணக்கில், அரசின் உதவியோடு எடுத்துக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. அன்று பிற்பகலே, வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 228-க்கு 205 என்ற கணக்கில் தோற்கடித்தது. தேர்தலுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. வால் ஸ்ட்ரீட்டுக்கு வாக்களித்தவர் என்ற பட்டத்தோடு தொகுதிக்குப் போக உறுப்பினர்களில் பலருக்குத் துணிச்சல் இல்லை. டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு அன்று 777 புள்ளி விழுந்தது.

மறுநாள், செப்டம்பர் 30. வருமான வரித்துறை ஒரு சிறிய அறிவிக்கை வெளியிட்டது: வங்கியை வாங்குபவர்கள் அதன் கடன்களில் ஒளிந்திருக்கும் நஷ்டத்தை வரிக்கணக்கில் கழித்துக்கொள்வதற்கு இருந்த வரம்பு இனிப் பொருந்தாது. வெள்ளிக்கிழமை, அக்டோபர் 3. சான் பிரான்சிஸ்கோவின் வெல்ஸ் ஃபார்கோ, அரசு உதவி ஏதும் இல்லாமல், பங்குக்குச் சுமார் ஏழு டாலர் தந்து வாக்கோவியாவை முழுவதுமாக வாங்குவதாகச் சொன்னது. அதே நாளில் காப்பு மசோதாவும் இரண்டாம் முறை வந்து நிறைவேறியது. அடுத்த அரசு பதவியேற்றதும், 2009 பிப்ரவரியில், காங்கிரஸ் அந்த வரிச் சலுகையை நிறுத்தியது. ஆனால் முடிந்துபோன பேரத்தைத் தொடவில்லை.

1988-ல் ஒரு வரித்தீர்வு சார்லட்டுக்கு வங்கியைக் கொண்டுவந்தது. 2008-ல் இன்னொன்று சார்லட்டின் ஒரு தலைமையகத்தைக் கொண்டுபோனது. பத்தாண்டு முன் சான் பிரான்சிஸ்கோவிடமிருந்து எடுத்ததற்கு, சான் பிரான்சிஸ்கோ வட்டியோடு வாங்கிக்கொண்டது என்று அந்த ஊரில் கசப்போடு பேசிக்கொண்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வாக்கோவியா தனக்கென்று கட்டத் தொடங்கிய 48 மாடிக் கட்டடம் முடிந்தபோது அதன் மேல் ஒரு மின்சாரக் கம்பெனியின் பெயர் இருந்தது. ஆனாலும் இதை வெறும் இழப்புக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. இன்று வெல்ஸ் ஃபார்கோ ஊழியர்கள் வேறெந்த ஊரையும்விடச் சார்லட்டில்தான் அதிகம். தலைமையகம் போனால் வேலையும் போகும் என்று நம் பாடநூல்கள் சொல்வதை இங்கே கொஞ்சம் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. போவது வேலையைவிடச் செல்வாக்கு: மேயருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கும் முதலாளிகளின் எண்ணிக்கை குறைகிறது.

2008 நவம்பரில் ஒபாமா வட கரோலினாவை 14,177 வாக்குகளில் பிடித்தார். சார்லட்டை உள்ளடக்கிய மெக்லென்பர்க் மாவட்டம் அவருக்குப் பெருவாரியாக வாக்களித்தது. வங்கி வேலைக்காக வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்கள் நகரத்தின் வாக்காளர் பட்டியலையே மாற்றியிருந்தார்கள். தேர்தல் நகரத்தை மாற்றுவது பற்றி மட்டும் பேசிப் பழகிய நமக்கு, வங்கி வளர்ந்ததால் தேர்தல் மாறிய கதை இது.

கட்சிகளும் இதைக் கவனித்தன. 2012 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சி தன் தேசிய மாநாட்டைச் சார்லட்டில் நடத்தியது. அப்போது நடந்த கூத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. மக்கள் வங்கிகள்மேல் கொதித்துப்போயிருந்த நேரம். நிறைவு நாள் நடக்க இருந்த மைதானத்தின் பெயரோ பேங்க் ஆஃப் அமெரிக்கா ஸ்டேடியம். கட்சிக்காரர்கள் அதை, அங்கே ஆடும் அணியின் பெயரால், பாந்தர்ஸ் ஸ்டேடியம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் இடிமழை பயத்தில் கூட்டம் உள்ளரங்குக்கே போய்விட்டது. கம்பெனிகளிடம் நன்கொடை வாங்க மாட்டோம் என்ற சபதத்துடன் தொடங்கிய மாநாட்டுக்கு, மேலே சொன்ன அதே மின்சாரக் கம்பெனி, டியூக் எனர்ஜி, ஒரு கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் நின்றது. கடன் திரும்பவில்லை, கம்பெனியே ஏற்றுக்கொண்டது. 2020-ல் குடியரசுக் கட்சியின் முறை. அதை வரவேற்கும் தீர்மானம் நகரமன்றத்தில் 6-க்கு 5 என்றுதான் நிறைவேறியது. பிறகு கொரோனா வந்து அதைச் சில நூறு பிரதிநிதிகள் கூடிய சடங்காகச் சுருக்கிவிட்டது. மாநாடுகளால் ஊர் வளர்ந்ததா என்று கேட்டால், ஓட்டல்காரர்களைக் கேளுங்கள் என்பேன். அதற்குமேல் அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை.

வாஷிங்டனைவிட அருகே இருக்கும் ஆபத்து மாநிலத் தலைநகரான ராலி. வட கரோலினாவில் நகரங்களுக்குத் தன்னாட்சி குறைவு. புதிய விற்பனை வரி வேண்டுமானாலும் சட்டமன்றத்தின் தயவு வேண்டும். 2016 பிப்ரவரியில் சார்லட் நகரமன்றம் திருநர்களுக்கும் பாதுகாப்புத் தரும் பாகுபாட்டுத் தடை விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மார்ச் 23-ல் சட்டமன்றம் ஒரே நாள் சிறப்புக் கூட்டம் போட்டு அதை ரத்து செய்தது. கையெழுத்திட்ட ஆளுநர் பாட் மெக்ரோரி, பதினான்கு ஆண்டுகள் அதே சார்லட்டின் மேயராக இருந்தவர். இதை எதிர்த்து, பேபால் நிறுவனம் சார்லட்டில் 400 பேருக்கு வேலை தரவிருந்த மையத்தைக் கைவிட்டது. தேசியக் கூடைப்பந்துக் கழகம் அங்கே நடத்தவிருந்த தன் நட்சத்திர ஆட்டத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றியது. அந்த நவம்பரில் டிரம்ப் மாநிலத்தை வசதியாக வென்றார். அதே வாக்குச்சீட்டில் அதே கட்சியின் மெக்ரோரி பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். இந்த முடிவை ‘தேசிய அலை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க நினைப்பவர்கள் இன்று மாலை அமர்வில் எனக்கு விளக்க வேண்டும்.

என் கட்சிக்கு எதிரான சான்று ஒன்றையும் நானே வைத்துவிடுகிறேன். வாடிக்கையாளர் பெயரில் போலிக் கணக்குத் திறந்ததற்காக வெல்ஸ் ஃபார்கோ தன் சொத்தை வளர்க்கக் கூடாது என்று ஃபெடரல் ரிசர்வ் உச்சவரம்பு விதித்தது 2018 பிப்ரவரி 2-ல், தலைவராக ஜேனட் யெல்லனின் கடைசி வேலைநாளில். பதவி கைமாறும் நாள் என்பதால் இது எனக்குச் சாதகம். ஆனால் அந்த வரம்பு டிரம்பின் முதல் ஆட்சி, பைடன் ஆட்சி இரண்டையும் தாண்டி 2025 ஜூன் வரை நீடித்தது. தேர்தல்கள் வந்து போயின, உத்தரவு அசையவில்லை. ஆகவே எல்லா உத்தரவும் தேர்தலுக்கு ஆடும் என்று நான் சொல்ல மாட்டேன். எவை ஆடுகின்றன, எவை ஆடுவதில்லை என்பதை வகைப்படுத்துவதுதான் இந்த இரண்டு நாள் வேலை.

நமக்கு இதில் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெல்ஸ் ஃபார்கோ இரண்டுக்கும் சென்னையில் அலுவலகங்கள் உண்டு. நம் பிள்ளைகள் பலர் அங்கே மென்பொருள் எழுதுகிறார்கள். 2025 செப்டம்பரில் எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் பிரகடனம் வந்தது. இதனால் வேலைகள் டிரையன் வீதிக்குப் போகாமல் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே தங்குமா, அல்லது இரண்டு இடத்திலும் குறையுமா? இதற்கு அமெரிக்க இதழ்களில் விடை தேடுவதைவிட, இங்கே உள்ள பணியமர்த்தல் விவரங்களைத் திரட்டுவது நம்மால் செய்யக்கூடியது.

முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். என் நேரத்தை நான் ஏற்கெனவே தாண்டிவிட்டதால், அமர்வுத் தலைவர் தயவுசெய்து என்னை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.