கழுத்துப் பிடிப்பும் மூளைக் காய்ச்சலும்

(ரெட்டியார்பாளையத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கழுத்துப் பிடித்துக்கொள்ளுதல் நம்மில் யாவரும் அறிந்த உபாதை. தலையணை உயரம் மிகுந்தாலும், பேருந்தில் தலை சாய்த்து உறங்கினாலும், இக்காலத்தில் கைப்பேசியை மணிக்கணக்காகக் குனிந்து நோக்கினாலும் அது வரும். வெந்நீர் ஒத்தடத்தினால் சில தினங்களில் நீங்கியும் விடும். அவ்வளவே யாயின் இன்று யான் பேச எழுந்திருக்க வேண்டுவதில்லை. அதே தோற்றத்துடன் வரும் வேறொன்று உண்டு. அதைச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்துக் கொண்டிருக்கும் ஓர் இரவிலேயே குழந்தையின் உயிர் போய்விடக்கூடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? சுளுக்கினால் வந்த பிடிப்பில் பெரும்பாலும் ஒரு பக்கம் திரும்புவதே கடினம், காய்ச்சல் இராது, மோவாய் சிரமத்துடனாவது மார்பை நோக்கி இறங்கும். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகள் அழற்சி கொண்டாலோ, முன்புறம் குனிவதே தடைப்படும். குனிய முயலுங்கால் அச்சவ்வுகள் இழுபட்டு நோவு மிகுவதால், பிடரித் தசைகள் இறுகி அதைத் தடுக்கின்றன. ருஷ்ய வைத்தியரான கெர்னிக் 1880களிலும், போலந்து நாட்டுக் குழந்தை வைத்தியரான புருட்சின்ஸ்கி 1909-லும் இவ்விறுக்கத்தைச் சார்ந்த அடையாளங்களை விவரித்தனர். இன்றும் வைத்தியர்கள் அவற்றைச் சோதிக்கின்றனர்.

காய்ச்சல், கடுந்தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்டால் கூசுதல், பிதற்றல், எழுப்பினும் தெளியாத உறக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் கழுத்து இறுக்கத்தோடு கூடினால் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர். 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஏகுக. கதிர்காமத்து மருத்துவக் கல்லூரியும் கோரிமேட்டு ஜிப்மரும் நமக்கு எட்டாத தூரமல்ல. கிருமியால் வரும் மூளைச் சவ்வு அழற்சியில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் இறக்கின்றனர். 5 பேரில் ஒருவருக்குச் செவிடு முதலிய கேடுகள் நிலைத்துவிடுகின்றன என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. கைக்குழந்தைகளுக்குக் கழுத்து இறுகாமலே இந்நோய் வருவதுண்டு. பால் குடியாமை, ஓயாத கீச்சுக் குரல் அழுகை, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைத் தாய்மார் கவனிக்க வேண்டும். மிக முதியோரிடத்தும் கழுத்தை மட்டும் நம்புதற்கில்லை.

ஆஸ்பத்திரியை அடைந்த பின்னும் ஒரு தடை உண்டு. நம் வீட்டுப் பெரியோர் அநேகர் அதில் தயங்குகின்றனர். முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சிக் கையெழுத்திட மறுக்கின்றனர். ஜெர்மானிய வைத்தியர் குவிங்கே 1891-ல் வெளியிட்ட முறை இது. தண்டுவடம் இடுப்பிற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நரம்பிழைகள் மட்டும் நீரில் மிதக்கும் இடத்தில் செல்கிறது. உடலில் அந்நீர் சுமார் 150 மில்லி லிட்டர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி லிட்டர் புதிதாய் ஊறுகிறது. சோதனைக்கு எடுக்கும் சில மில்லி லிட்டர் விரைவில் நிரம்பிவிடும். சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கலாம். ஆனால் நோய் கிருமியாலா, காசத்தாலா, வைரஸாலா என்பதை அந்நீரே சொல்லும். மருந்தும் அதற்கேற்ப மாறும்.

காசத்தால் வருவது மெல்ல வரும். இரண்டு மூன்று வாரம் குழந்தை சோர்ந்து, விளையாட்டை மறந்து, இடையிடையே வாந்தி எடுத்து, பின்னரே கழுத்து இறுகும். இதற்குக் காப்பாகப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடப்படுகிறது. அதைக் குவெரெனுடன் சேர்ந்து ஆக்கிய பிரெஞ்சு வைத்தியர் கால்மெட், நம் புதுவைக் குடும்பங்கள் பல பிழைக்கச் சென்ற அதே சைகோனில், 1891-ல் ஓர் ஆராய்ச்சிச் சாலையை நிறுவியவர். ஊசியின் தழும்பைக் கண்டு முகஞ்சுளிப்போர் இச்செய்தியையாவது நினைவிற்கொள்வாராக.

வைரஸ் வகையில் நம் பக்கத்திற்கு உரியது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். இந்தியாவில் மனிதரிடம் அது முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூர்ப் பகுதியில். நெல் வயலில் தேங்கிய நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகளிடமும் பன்றிகளிடமும் இருந்து அதைக் கொணர்கிறது. (ஊசுட்டேரிப் பறவைகளைப் பகைக்க வேண்டா, கடிப்பது கொசுவே.) தொற்று ஏற்பட்டோரில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் காணும், அதற்கெனத் தனி மருந்தில்லை. ஆதலால் நோய் கண்ட மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும், பின்னர் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் ஊசி போடுகின்றனர். நம் உறவினர் பலர் விழுப்புரம், கடலூர்க் கிராமங்களில் உளர், அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கழுத்து இறுக வேறு காரணங்களும் உள. இடி விழுந்தாற்போல் திடீரெனத் தலைவலி வந்து, சில மணி நேரத்திற்குப் பின் கழுத்து இறுகினால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம். புண்பட்ட பின் தாடை திறவாமற்போவது இரண ஜன்னியின் தொடக்கம். கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டாரை அசையாது கிடத்துதலே உதவி. முடி திருத்துமிடத்தில் கழுத்தைச் சொடுக்கிக் கொள்ளும் வழக்கத்தை விட்டொழித்தல் நன்று. அதனால் பிடரி வழி மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

வைத்தியரிடம் செல்லுங்கால், முன்னரே கொடுத்த மாத்திரைகளின் உறைகளை உடன் கொண்டு போங்கள். கடையில் கேட்டு வாங்கிய இரண்டொரு வேளை மருந்து, நோயைத் தீர்க்காமல் கிருமியை மட்டும் சோதனையில் அகப்படாமல் மறைத்துவிடும். மறைக்காமல் சொன்னால் வைத்தியர் அதற்கேற்பப் பார்ப்பார். நோய் நீங்கி வீடு திரும்பிய குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் செவிச் சோதனை செய்வித்துக் கொள்ளுதலும் வேண்டும்.