வாட்ச் சொல்றதும் உடம்பு சொல்றதும்

நிறைய பேர் அனுப்பின கேள்வி இது: "ஜிபிஎஸ் ரன்னிங் வாட்ச் வாங்கலாமா, எது வாங்கலாம்?" எதை வாங்கணும்னு நான் சொல்லப்போறதில்ல. வாங்கின பிறகு முதல் ரெண்டு மாசம் அதோட எப்படிப் பழகுறது, அதுதான் இன்னைக்குப் பேச்சு.

எனக்கு இது வெறும் கேட்ஜெட் விஷயம் கிடையாது. எங்க அப்பாவுக்கு 54 வயசுல ஸ்டென்ட் வெச்சாங்க. நான் தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்து கோட் எழுதுறவன். அதனால மணிக்கட்டுல இதயத் துடிப்புன்னு ஒரு எண் ஓடும்போது, அதை எவ்வளவு நம்பலாம்ங்கிறது எனக்கு நிஜமான கேள்வி.

முதல்ல தூரத்தைப் பார்த்துடலாம்.

வாட்ச் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புறதில்ல. அது கேட்க மட்டும்தான் செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், "நான் இங்க இருக்கேன், இப்ப மணி இது"ன்னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து வாட்ச் தன்னோட இடத்தைக் கணக்குப் போடும். இதுக்குக் குறைஞ்சது 4 செயற்கைக்கோள் வேணும். மூணு போதாதான்னு கேட்டா, நாலாவது நம்ம வாட்ச்ல இருக்கிற சாதாரணக் கடிகாரத்தைத் திருத்த. ஒளி ஒரு நானோ செகண்ட்ல 30 சென்டிமீட்டர் போயிடும். அதனால நேரத்துல சின்னப் பிசகு வந்தாலும் இடம் மாறிடும்.

உயரமான கட்டடத்துல மோதித் திரும்பி வர்ற சிக்னல் கொஞ்சம் தாமதமா வரும். வாட்ச் ஏமாறுறது அங்கதான். மெரினாவுல கலங்கரை விளக்கத்துல இருந்து நேப்பியர் பாலம் வரைக்கும் ஓடிப் பாருங்க, மேப்ல கோடு அழகா வரும். அதே ஆள் தி.நகர் சந்துக்குள்ள ஓடினா, யார் வீட்டு ஹாலுக்குள்ளயோ புகுந்து பின்பக்கமா வெளிய வந்த மாதிரி காட்டும். ரெண்டு அலைவரிசையில கேட்கிற வாட்ச்கள் இதை ஓரளவு சமாளிக்கும். எந்த வாட்ச்சா இருந்தாலும், ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி திறந்த வெளியில ஒரு நிமிஷம் நின்னு, சிக்னல் கிடைச்ச பிறகு ஸ்டார்ட் அமுக்குங்க. அந்த நொடியோட வேகம்னு காட்டுற எண் குதிச்சுக்கிட்டே இருக்கும். அதைத் திரையில இருந்து எடுத்துட்டு, அந்தக் கிலோமீட்டரோட சராசரி வேகத்தை வெச்சுக்கிட்டா மனசு நிம்மதியா இருக்கும்.

இன்னொண்ணு. பத்து கிலோமீட்டர் ரேஸ் ஓடி முடிச்சா வாட்ச் 10.15 காட்டுது, "ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்றவங்க உண்டு. முறைப்படி அளந்த ரேஸ் பாதையை, வளைவுகள்ல இருக்கிறதிலேயே குறுகிய கோட்டுல அளப்பாங்க. குறைஞ்சிடக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவும் சேர்ப்பாங்க. நாம கூட்டத்துல வளைஞ்சு நெளிஞ்சு, தண்ணி ஸ்டாலுக்கு ஒதுங்கி ஓடுறோம். ஜிபிஎஸ் பிசகும் சேர்ந்தா, கூடுதலாக் காட்டுறதுல ஆச்சரியம் என்ன இருக்கு?

இப்ப துடிப்புக்கு வருவோம்.

வாட்ச்சோட அடியில பச்சை விளக்கு மின்னுது இல்லையா? ரத்தம் பச்சை ஒளியை நல்லா உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்த அளவு ஏறி இறங்கும்போது, திரும்பி வர்ற ஒளியும் கூடிக் குறையும். அதைத்தான் எண்ணுது. சிக்கல் என்னன்னா, ஓடும்போது கையும் ஆடுது. சில நேரம் வாட்ச் துடிப்பை விட்டுட்டு நம்ம காலடியை எண்ண ஆரம்பிச்சிடும். நிமிஷத்துக்கு 165 அடி வெச்சு நிதானமா ஓடுறோம்னு வைங்க. துடிப்பும் 165-ன்னு காட்டும். மூச்சு சாதாரணமா இருக்கு, எண் மட்டும் பயமுறுத்துது. அப்படி வந்தா நின்னு, கழுத்துல விரல் வெச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. ரெண்டும் பொருந்தலைன்னா விரலை நம்புங்க.

மணிக்கட்டு எலும்புக்கு ரெண்டு விரல் மேல, நகராத அளவுக்கு இறுக்கமாக் கட்டினா இது நிறையக் குறையும். துல்லியம் வேணும்னா நெஞ்சுல கட்டுற பட்டை இருக்கு. அது ஒளியை இல்ல, இதயத்தோட மின் சிக்னலையே படிக்கும். பழைய டெக்னாலஜிதான். பின்லாந்து நாட்டு போலார் கம்பெனி 1982-லயே வயர் இல்லாத மாடலைக் கொண்டு வந்துடுச்சு.

சரி, எண் சரியாவே வருதுன்னு வெச்சுக்கலாம். அதுக்கு என்ன அர்த்தம்? வாட்ச் உங்க வயசைக் கேட்டு, 220-ல இருந்து கழிச்சு, "இதுதான் உங்க உச்சத் துடிப்பு"ன்னு எடுத்துக்கும். 28 வயசுக்கு 192. 2001-ல வந்த இன்னொரு சூத்திரம், 208-ல இருந்து வயசோட 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்லுது. அதுல 188. ரெண்டுமே பல பேரோட சராசரி. தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு மேலயோ கீழயோ இருக்கிறது ரொம்ப சகஜம். அதனால அதை வெச்சுப் போட்ட ஜோன் 2, ஜோன் 3 எல்லாமே டீஃபால்ட் செட்டிங்தான். ப்ரொடக்‌ஷன்ல டீஃபால்ட்டை அப்படியே விடுவோமா?

இதுல நம்ம ஊர் வெயிலும் சேரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வியர்வை ஆவியாகாது. உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குப் போகும், வியர்வையில தண்ணியும் குறையும். ஒரு துடிப்புல வெளியாகிற ரத்தம் குறையுறதால இதயம் கூடுதலாத் துடிக்கும். டிசம்பர்ல 145-ல ஓடின அதே வேகம் மே மாசத்துல எனக்கு 160 காட்டுது. ஃபிட்னஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மே மாசத்துல மெதுவா ஓடணும்னு அர்த்தம்.

இப்ப அப்பா கதை. ஒரு வாரம் வாட்ச்சை அவர் கையில கட்டிவிட்டேன். தினமும் பார்க்ல நடக்கிறவர். நாலாவது நாள் வந்து, "என்னடா தம்பி, எவ்வளவு வேகமா நடந்தாலும் 100-ஐத் தாண்ட மாட்டேங்குது. வாட்ச் ரிப்பேரா, நான் ரிப்பேரா?"ன்னார். அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட கேட்டோம். அவர் சாப்பிடுற மாத்திரையில ஒண்ணு பீட்டா பிளாக்கர். துடிப்பு ஏறாமப் பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலையே. வாட்ச்சுக்கு அது தெரியாது. 220 கணக்கைப் பார்த்து "இன்னும் வேகமா நடங்க"ன்னு அவரைத் தூண்டிக்கிட்டே இருந்திருக்கு. டாக்டர் சொன்னது ஒண்ணுதான்: "பேசிக்கிட்டே நடக்க முடியுதா? அந்த வேகம் போதும்." உங்க வீட்டுல யாராவது இதய மாத்திரை எடுக்கிறவங்களுக்கு வாட்ச் வாங்கிக் கொடுக்கிறீங்கன்னா, டார்கெட் அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு, டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க.

அந்தப் பேச்சு டெஸ்ட் நமக்கும் பொருந்தும். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமப் பேச முடிஞ்சா, அது சுலபமான ஓட்டம். ரெண்டு ரெண்டு வார்த்தையா உடைஞ்சா கஷ்டமான ஓட்டம். முதல் ஒரு மாசம் இதைச் செஞ்சுக்கிட்டே, அப்ப வாட்ச்ல என்ன எண் வருதுன்னு குறிச்சு வைங்க. உங்களோட ஜோன் உங்களுக்கே கிடைச்சிடும்.

இப்ப நான் என்ன பண்றேன்? ஓடும்போது திரையில மூணே எண்: நேரம், தூரம், துடிப்பு. அலர்ட் எல்லாம் ஆஃப். ஆன்-கால்ல இருந்தவங்களுக்குத் தெரியும், எல்லாத்துக்கும் மணி அடிச்சா எந்த மணியையும் நாம மதிக்க மாட்டோம். காலையில எழுந்ததும் இருக்கிற ஓய்வுத் துடிப்பை மட்டும் வாரக் கணக்குல பார்க்கிறேன். வழக்கத்தை விட நாலஞ்சு நாளாக் கூடுதலா இருந்தா, தூக்கம் போதல, இல்ல காய்ச்சல் வரப்போகுதுன்னு எடுத்துக்கிட்டு ஓட்டத்தைக் குறைச்சுக்கிறேன்.

தனியா ஓடுறவங்க, முக்கியமாப் பெண்கள், ஆப்ல வீட்டைச் சுத்தி இருக்கிற பாதையை மறைக்கிற வசதியைக் கண்டிப்பா ஆன் பண்ணுங்க. 2018-ல ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த மேப்ல ராணுவ முகாம்களே தெரிஞ்சுது. நம்ம வீட்டு வாசல் தெரியாதா?

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் மறக்காதீங்க. நெஞ்சு வலி, தலைசுத்தல், இடது கையில இழுக்கிற மாதிரி வலி, இதுல எது வந்தாலும் வாட்ச்ல நார்மல் காட்டுதேன்னு வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. உடனே 108-க்குக் கூப்பிடுங்க. அடைப்பைக் கண்டுபிடிக்கிற வேலை அந்தப் பச்சை விளக்கோடது இல்ல.

அவ்வளவுதான் மக்களே. உங்க வாட்ச் காட்டின வேடிக்கையான மேப் இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். தண்ணி குடிச்சிட்டு ஓடுங்க!