அடைக்கலம் கொடுத்தவர்கள்



ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போகாதவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவு. அரியலூர், பெரம்பலூர்ச் சனங்கள் சாதி மதம் பாராமல் போய் மெழுகுவத்தி ஏற்றுகிற இடம். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகம் பாடினார் வீரமாமுனிவர். விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு கன்னியின் கதையைக் ‘கித்தேரியம்மாள் அம்மானை’யாகப் பாடியவரும் அவர்தான். அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்றிருந்தேன். இல்லை, பெரியோர்களே. அப்படி உயிர்விடுவது நம் காலத்திலேயே நடந்தது.

ஏமன் நாட்டில் ஏடன் துறைமுகம். அங்கே அன்னை தெரசா சபைச் சகோதரிகள் நடத்திய இல்லத்தில் ஏறக்குறைய 80 பேர் இருந்தார்கள். முதியவர்கள், ஊனமுற்றவர்கள், இஸ்லாமிய மக்கள். உள்நாட்டுப் போர் முற்றியபோது, 2015 ஏப்ரலில், ‘ஆபரேஷன் ராஹத்’ நடத்தி 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு மீட்டு வந்தது. வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் போன் மணிக்குக் காத்திருக்கும் தாய்மாருக்கு அந்த நாட்களின் தவிப்பு தெரியும். சகோதரிகள் கிளம்பவில்லை. படுக்கையில் கிடக்கும் கிழவியை யார் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவது?

2016 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. பூசை முடிந்து, காலை உணவு முடிந்து, அங்கிக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். துடைக்க, குளிப்பாட்ட, ஊட்ட. துப்பாக்கிக்காரர்கள் அப்போதுதான் நுழைந்தார்கள். ஜார்க்கண்டில் பிறந்த ஆன்செல்ம், கென்யாவின் ஜூடித், ருவாண்டாவின் மார்கரீத், ரெஜினெட். நால்வரும் அந்த ஏப்ரனோடேயே விழுந்தார்கள். அன்று மொத்தம் 16 பேர் கொல்லப்பட்டார்கள். இவர்களை இன்றைய மறைசாட்சிகள் என்றார் போப் பிரான்சிஸ். உலகத்தின் பாராமுகமும் சேர்ந்தே இவர்களைக் கொன்றது என்று வருந்தினார்.

என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. குளிர்பதன அறைக் கதவுக்குப் பின்னால் நின்று தப்பிய சகோதரி சாலி சொன்ன சாட்சியம் அது. இல்லத்தில் வேலை செய்த பெண்கள், “சிஸ்டர்களைக் கொல்லாதீர்கள்” என்று கதறியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி சமையல்காரி. அவள் ஒளிந்துகொண்டிருக்கலாமே! வாய் திறந்தாள். அவர்களையும் கொன்றார்கள்.

சகோதரிகள் நால்வர் பெயரையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்களின் பெயர் என்னிடம் இல்லை. அவர்களையும் சேர்த்து நினைத்து, ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்போம்.